தாய்வீட்டிலிருந்து திரும்பிய பிறகு

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா பக்கம் தலைப்பிரசவம் என்றால் இன்னமும் தாய்வீடுதான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டு அழைத்துப் போவார்கள். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கொண்டுவந்து விடுவார்கள். இடைப்பட்ட அந்த மாதங்களை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட ஓர் ஆள், ராத்திரி அழுதால் கை மாற்றித் தூக்க ஓர் ஆள், பத்தியச் சோறு பொங்க ஓர் ஆள், பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வதென்று சொல்ல ஓர் ஆள் என்று ஒரு சின்னப் படையே அங்கே வேலை செய்தது. அந்தப் படை இப்போது கலைந்துகொண்டிருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு இருபது வயது என்றால் அவளுடைய அம்மாவுக்கு நாற்பது, நாற்பத்தைந்துதான் இருக்கும். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வட்டாரத்து ஷூ கம்பெனிகளில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் அந்த வயதுக்காரர்களும் உண்டு. காலையில் ஊர் முனைக்கு வரும் கம்பெனி வண்டியில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவார்கள். தாய்வீடு இருக்கிறது, தாய் வீட்டில் இல்லை.

அரசு உதவியின் கணக்கைப் பார்த்தால் பிரசவம் வரை அது அடர்த்தியாக இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்கிறார், ஊசி போடுகிறார், இரும்புச்சத்து மாத்திரை தருகிறார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயில் தொடங்கி, 2018 முதல் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாயாக நிற்கிறது. அங்கன்வாடி சார்பில் சமுதாய வளைகாப்பு நடத்தி, கர்ப்பிணிகளை ஒன்றாக உட்கார வைத்து வளையல் அடுக்கி, கலவை சாதம் பரிமாறி அனுப்புகிறார்கள். பலன் கண்கூடு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால் அதே ஆய்வில் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் ஏறத்தாழ 55 சதவீதம்தான். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நான்கில் ஒரு குழந்தைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. முதல் எண்ணை மருத்துவமனை தீர்த்துவிட்டது. மற்ற இரண்டும் வீட்டுக்குள், மருத்துவமனையிலிருந்து வந்தபிறகு தீர்மானமாகிறவை. அந்த இடத்தில் இளம் தாய்க்குக் குறைவது அறிவுரை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கிடைக்கும் சான்றுகளைப் படித்தால் அவளுக்குக் குறைவது ஆள் துணை என்றே தெரிகிறது. ஆள் துணையை ஊர் அளவில் திரும்ப உண்டாக்க முடியும், அதற்கு வழி தெரிந்தும் இருக்கிறது.

இதற்கான சான்றைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. அணைக்கட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கணியம்பாடி ஒன்றியத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலப்பிரிவு பல பத்தாண்டுகளாக வேலை செய்கிறது. அங்கே பேறுகாலப் பதிவு செய்திருந்த, கடைசி மூன்று மாதங்களில் இருந்த 359 பெண்களைக் கண்டு பேசி, பிள்ளை பிறந்த ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மறுபடி சந்தித்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேர். யாருக்கு வந்தது என்ற பட்டியல்தான் கவனிக்க வேண்டியது: குறைந்த வருமானம், ஆண் பிள்ளை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரம், பிறகு கைவேலைக்கு உதவ ஆள் இல்லாமை. கடைசியாகச் சொன்னது பெரிய நோய்க்காரணம் போலத் தோன்றாது. ஆனால் துணி அலசவும் தண்ணீர் பிடிக்கவும் ஆள் இல்லாதது ஒரு பெண்ணின் மனதை உடைக்கும் காரணங்களில் ஒன்று என்று அந்த ஆய்வு காட்டியது. இரண்டு ஆண்டு கழித்து இதே வேலூர்ப் பகுதிக் கிராமங்களிலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, எடை குறைந்த குழந்தைகள் 72 பேரையும் நல்ல எடையுள்ள 72 பேரையும் ஒப்பிட்டது. தாயின் மனச்சோர்வுக்கும் குழந்தையின் மெலிவுக்கும் தொடர்பு இருந்தது. சோர்ந்து படுத்திருப்பவளிடம் 'ஒரு நாளைக்கு ஐந்து முறை ஊட்டு' என்று துண்டுப் பிரசுரம் கொடுத்து என்ன ஆகும்?

துணையை ஊராகச் சேர்ந்து கொடுக்க முடியுமா என்று சோதித்துப் பார்த்தவர்கள் ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் வேலை செய்யும் ஏக்ஜுட் அமைப்பினர். 2005 முதல் 2008 வரை மூன்று மாவட்டங்களின் பழங்குடிக் கிராமங்களில் பெண்களை மாதம் ஒருமுறை கூட்டினார்கள். நடத்தியவர் மருத்துவரோ நர்ஸோ அல்ல, அந்த ஊர்ப் பக்கத்துப் பெண். கூட்டத்தில் பாடம் எடுக்கப்படவில்லை. படங்களையும் கதைகளையும் வைத்துத் தங்கள் ஊரில் தாயும் சேயும் எதனால் அவதிப்படுகிறார்கள் என்று அவர்களே பேசினார்கள், எது முதலில் என்று முடிவு செய்தார்கள், செய்ய முடிந்ததைச் செய்தார்கள், பிறகு செய்தது பலித்ததா என்று திரும்பிப் பார்த்தார்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, குழு இல்லாத ஊர்களோடு ஒப்பிட, கடைசி இரண்டு ஆண்டுகளில் 45 சதவீதம் குறைந்தது. மூன்றாம் ஆண்டில் தாய்மாரின் மனச்சோர்வும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மனச்சோர்வுக்கென்று தனியாக எந்தச் சிகிச்சையும் தரப்படவில்லை என்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். இதே முறை வங்கதேசத்தில் முதலில் தோற்றது. காரணம் எளியது: ஏக்ஜுட் சுமார் 470 பேருக்கு ஒரு குழு வைத்தது, வங்கதேசத்தில் 1,400 பேருக்கு ஒன்றுதான். கர்ப்பிணிகளில் பெரும்பாலோர் கூட்டத்தின் பக்கமே வரவில்லை. பின்னர் குழுக்களை நெருக்கமாக வைத்தபோது அங்கேயும் சாவு குறைந்தது. ஒன்றியத்துக்கு ஒன்று என்று பெயருக்கு நடத்தும் விழிப்புணர்வு முகாம்கள் ஏன் எதையும் மாற்றுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது.

தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. உலக வங்கி உதவியோடு 1980இல் மதுரைப் பக்கம் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளையே குறிவைத்தது. மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சில மாதங்களுக்குச் சத்துணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தியது. ஊர்ப் பெண்களின் பணிக்குழுக்கள் அதற்குத் துணை நின்றன. அந்த வயதைத் தேர்ந்தெடுத்ததில் இருந்த கூர்மையைத் தோல் தொழில் வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் நன்றாக விளங்கும். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு 26 வாரம், அதாவது ஆறு மாதம். குழந்தைக்கு முதன்முதலாகச் சோறு ஊட்டத் தொடங்க வேண்டியதும் ஆறாம் மாதம்தான். ஆக, பாலோடு சோறும் பழக்க வேண்டிய அதே வாரத்தில் தாய் கம்பெனி வண்டியில் ஏறிவிடுகிறாள். ஊட்டும் கை ஆயாவுடையதாகிறது, அதாவது வீட்டிலிருக்கும் பாட்டியுடையது. ஆயா பழக்கப்படி கஞ்சியை நீர்க்கக் கரைத்து, தெளிவை டம்ளரில் புகட்டுவார். வயிறு நிறையும், எடை ஏறாது. இங்கே சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்: சத்துமாவையோ பருப்புச் சாதத்தையோ கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் அது வழிந்து ஓடாமல் கரண்டியிலேயே நிற்க வேண்டும். இதைச் சுவரொட்டியில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். பத்து ஆயாக்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒருவர் கரண்டியைச் சாய்த்துக் காட்டினால் மறுநாள் பத்து வீட்டில் கஞ்சி கெட்டியாகும். இளம் தாய்மாருக்கான குழு என்று சொல்லி மாமியாரையும் ஆயாவையும் வெளியே நிறுத்துவது இந்த வட்டாரத்தில் அர்த்தமே இல்லாதது.

சோறு மட்டுமல்ல, விளையாட்டும் பேச்சும்கூட அப்படியே. ஜமைக்காவில் 1980களின் பிற்பாதியில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளின் வீடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. அதில் ஒரு பகுதி வீடுகளுக்கு இரண்டு ஆண்டு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் போய், வீட்டிலேயே செய்த பொம்மைகளோடு தாயும் பிள்ளையும் விளையாடப் பழக்கினார்கள். இருபது ஆண்டு கழித்து அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடியிருந்தது. வீடுவீடாகப் போக இங்கே ஆள் ஏது என்று கேட்பவர்களுக்கு ஒடிசாவின் 192 கிராமங்களில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு பதில் சொல்கிறது. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்ததும், தாய்மாரை ஓரிடத்தில் கூட்டிச் சொல்லிக்கொடுத்ததும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. செலவோ, கூட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கும் ஆகவில்லை. காலி எண்ணெய் பாட்டிலுக்குள் புளியங்கொட்டை போட்டு மூடினால் கிலுகிலுப்பை. அதற்கு டெண்டர் விட வேண்டியதில்லை.

'எங்கள் பாட்டி எட்டுப் பிள்ளை பெற்றாள், எந்த வகுப்புக்குப் போனாள்?' என்ற கேள்வி உடனே வரும். அவள் பெற்ற எட்டில் எத்தனை தங்கின என்பதை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். அவள் தனியாக வளர்க்கவில்லை என்பதே முதல் பதில். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்னதும், பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் புகட்டியதும் அதே கூட்டம்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. கூட்டத்தை மீட்டெடுப்பது என்றால் அது சொன்ன எல்லாவற்றையும் மீட்டெடுப்பது அல்ல. இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபம் இன்னும் கனமானது: வறுமையையும் குடிகாரக் கணவனையும் விட்டுவிட்டு, தாய்க்கு வளர்க்கத் தெரியவில்லை என்று பழி போடுவதுதானே இந்தத் திட்டங்கள்? பாடம் நடத்தும் திட்டங்களைப் பொறுத்தவரை இந்தக் குற்றச்சாட்டு சரிதான். எடை குறைந்த குழந்தையின் தாயை எல்லோர் முன்பும் நிறுத்திக் கேள்வி கேட்கும் கூட்டத்துக்கு அடுத்த மாதம் அவள் வரமாட்டாள், வரவும் கூடாது. எதைப் பேசுவது என்பதைத் தாய்மாரே தீர்மானிக்கும் குழுவில் தண்ணீர்க் குழாயும் டாஸ்மாக்கும் தானாகவே பேச்சில் வந்துவிடும்.

மிகச் சிறு வயதிலேயே தாயானவர்கள் விஷயத்தில் நம் ஏற்பாடுகள் வினோதமாக இருக்கின்றன. மகப்பேறு நிதியுதவிக்குத் தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க நினைத்த விதி அது, நோக்கத்தில் பிழை இல்லை. ஆனால் பதினேழு வயதில் பிள்ளை பெற்றவளுக்குத்தான் உடம்பில் தெம்பும் கையில் காசும் எல்லோரையும்விடக் குறைவு. அவளை விதி வெளியே நிறுத்திவிடுகிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட பெண் கர்ப்பமாக வந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். கணவன் சிறைக்குப் போவான் என்று பயந்து வயதைக் கூட்டிச் சொல்வதும், பதிவையே தள்ளிப்போடுவதும் இதன் பக்கவிளைவு. இப்படிப்பட்டவர்களைக் குழுவில் சேர்த்தால் சிறுவயதுத் திருமணத்துக்கு ஒப்புதல் கொடுத்ததாக ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. நடந்ததற்குத் தண்டனையைக் குழந்தையின் எடையிலிருந்து கழிக்க முடியாது. அதோடு, அடுத்த குழந்தையைத் தள்ளிப்போடவும், நின்றுபோன படிப்பைப் பற்றி யோசிக்கவும் அவளுக்கு வேறு எங்கே வாய்ப்புக் கிடைக்கும்?

மலை ஊர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை ஊராட்சிகளின் குக்கிராமங்கள் ஜவ்வாது மலையில் சிதறிக் கிடக்கின்றன. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, ஆம்புலன்ஸ் மேலே போக வழியில்லாததால், தாய் கையில் ஏந்தி நடந்தாள். அங்கே முதலில் வேண்டியது சாலை. தாய்மார் குழு சாலைக்கு மாற்று என்று யாராவது சொன்னால் அவர்களை நம்ப வேண்டாம். ஆனால் ஏக்ஜுட் குழுக்கள் வேலை செய்ததும் ஆஸ்பத்திரி எட்டாத ஊர்களில்தான்.

எனக்குப் பதில் சொல்லக் கடினமாக இருக்கும் ஆட்சேபம் இரண்டு. ஒன்று, எல்லாவற்றையும் அங்கன்வாடிப் பணியாளர் தலையிலேயே கட்டுவது. சமையல், எடை, சத்துமாவு, செல்போனில் பதிவேற்றம், தேர்தல் பணி என்று நிரம்பிய நாளில் இன்னொரு கூட்டத்தையும் செருகினால் அது பதிவேட்டில் மட்டும்தான் நடக்கும். குழுவை நடத்த ஊரிலேயே வேறொரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்து வைப்பதுதான் நேர்மையான வழி. அந்தச் செலவைச் சேர்க்காமல் போடும் கணக்கு எதுவும் கணக்கே அல்ல. இன்னொன்று, நேரம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்கிறது சட்டம். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு முறை பாலூட்ட இடைவேளையும் உண்டு. தாய் ஆம்பூரில், குழந்தை ஒடுகத்தூருக்கு அப்பால். அந்த இடைவேளையில் யாருக்குப் பால் கொடுப்பது? கைக்குழந்தையை விடியலில் எழுப்பிக் கம்பெனி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவும் முடியாது. வீட்டிலேயே ஜோடிக் கணக்குக் கூலிக்கு ஷூவின் மேற்பாகம் தைப்பவர்களுக்கு விடுப்பு, ஈ.எஸ்.ஐ., காப்பகம் எதுவுமே கிடையாது. கைக்குழந்தைகளுக்கான காப்பகம் தாய் வேலை செய்யும் இடத்தில் அல்ல, ஊரில் இருக்க வேண்டும் என்ற முடிவுக்குத்தான் இது இழுத்துச் செல்கிறது. கம்பெனிகள் அதற்குப் பங்கு செலுத்தலாம்.

அதுவரை குழு கூடுவதற்கு வாரத்தில் மிஞ்சுவது ஒரே ஒரு நாள். கம்பெனி வண்டி வராத ஞாயிற்றுக்கிழமை தாயும் வீட்டில் இருப்பாள், ஆயாவும் இருப்பார், பல வீடுகளில் தகப்பனும் இருப்பார். அன்றைக்குப் பால்வாடி பூட்டிக் கிடக்கிறது. எடை பார்க்கும் தராசும் உள்ளேதான் தொங்குகிறது.