ஒரே ஆண்டில் 61-ஆ, 690-ஆ? அமெரிக்க துப்பாக்கி விவாதத்தில் எண்கள் எப்படி விளையாடுகின்றன?

அமெரிக்காவில் எங்காவது துப்பாக்கிச்சூடு நடந்தால் போதும், சில மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு புள்ளிவிவரம் வந்து விழும். மகனோ மகளோ அங்கே படிச்சிட்டு இருந்தா, அந்த எண்ணைப் பார்த்ததுமே பெற்றோருக்குத் தூக்கம் போய்விடும். மறுநாள் அதற்கு நேர் எதிராக இன்னொரு எண் வரும்.

சரி, இதில் எது பொய்? பல நேரங்களில் இரண்டுமே பொய் இல்லை. எதை எண்ணினார்கள், எதால் வகுத்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களும் இதைச் செய்கிறார்கள், வேண்டாம் என்பவர்களும் செய்கிறார்கள்.

மொத்தம் எத்தனை மரணங்கள்?

அமெரிக்க நோய் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் கணக்குப்படி, 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். இந்த எண்ணைக் கேட்டதும் நம் கண் முன்னால் வருவது, பள்ளிக்குள் புகுந்து சுடுகிறவன்தான். ஆனால் இதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலை செய்யப்பட்டவர்கள் 20,958 பேர். மீதி விபத்து, போலீஸ் நடவடிக்கை, காரணம் உறுதியாகாதவை.

2023-ல் மொத்தம் 46,728 ஆகக் குறைந்தது. கொலைகள் 17,927 ஆக இறங்கின. தற்கொலைகளோ 27,300 ஆக ஏறின.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. ஒரு தரப்பு மொத்த எண்ணையும் குற்றக் கணக்கு மாதிரி சொல்கிறது. இன்னொரு தரப்பு, "தற்கொலையைக் கழிச்சிட்டா பாதிதானே, இதுக்கு ஏன் இவ்வளவு கூச்சல்?" என்று கேட்கிறது.

கழித்துவிட முடியாது. துப்பாக்கியால் தற்கொலைக்கு முயன்றவர்களில் 10-ல் 8 அல்லது 9 பேர் இறந்துவிடுகிறார்கள். வேறு பல வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு மோசமான இரவில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்ததா இல்லையா என்பது, அவர் உயிரோடு இருப்பாரா என்பதையே மாற்றிவிடுகிறது.

'மாஸ் ஷூட்டிங்' என்றால் என்ன?

2021-ல் எஃப்பிஐ பட்டியலிட்ட 'ஆக்டிவ் ஷூட்டர்' சம்பவங்கள் 61. அதே ஆண்டில் 'கன் வயலன்ஸ் ஆர்கைவ்' அமைப்பு கணக்கிட்ட மாஸ் ஷூட்டிங் சம்பவங்கள் சுமார் 690. பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம்!

காரணம், இரண்டும் எண்ணுவது வேறு வேறு விஷயம். சுட்டவரைத் தவிர குறைந்தது நான்கு பேருக்குக் குண்டு பட்டாலே ஆர்கைவ் கணக்கில் சேரும். யாரும் இறக்க வேண்டும் என்பதில்லை. கும்பல் சண்டை, குடும்பத் தகராறு எல்லாம் இதில் அடக்கம். எஃப்பிஐ எண்ணுவது, மக்கள் கூடும் இடத்தில் ஒருவர் ஆட்களைக் கொல்ல இறங்கும் சம்பவங்களை. கும்பல் சண்டையும் குடும்பத் தகராறும் அதில் வராது.

இரண்டுமே தேவையான கணக்குகள்தான். ஆனால் 690 என்ற எண்ணைப் போட்டு, பக்கத்தில் பள்ளிக்கூடப் படத்தை வைத்தால் அது ஏமாற்று. 61-ஐ மட்டும் சொல்லி, "அவ்வளவுதான் வன்முறை" என்று முடித்தாலும் அதே ஏமாற்றுதான்.

சிகாகோவைக் காட்டுவது ஏன்?

"கடுமையான சட்டம் இருக்கிற சிகாகோவில்தான் கொலை அதிகம். அப்புறம் சட்டம் எதுக்கு?" அமெரிக்க விவாதங்களில் அடிக்கடி கேட்கும் வாதம் இது.

2021-ல் சிகாகோவில் சுமார் 800 கொலைகள். செயின்ட் லூயிஸ் நகரில் சுமார் 200. எங்கே ஆபத்து அதிகம்? சிகாகோவின் மக்கள்தொகை சுமார் 27 லட்சம். செயின்ட் லூயிஸில் 3 லட்சம்தான். ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால், செயின்ட் லூயிஸ் சிகாகோவைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

இன்னொரு விஷயம். சிகாகோவில் போலீசார் கைப்பற்றிய துப்பாக்கிகளில் 60 சதவீதம் வெளிமாநிலங்களில் விற்கப்பட்டவை என்று அந்த நகரம் 2017-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பக்கத்து இண்டியானாவிலிருந்து மட்டும் சுமார் 21 சதவீதம். நகரத்தின் சட்டம் நகர எல்லையோடு நின்றுவிடுகிறது, துப்பாக்கிதான் காரில் ஏறி வந்துவிடுகிறது.

மாநிலங்களிலும் இதே கதைதான். 2021-ல் கலிஃபோர்னியாவில் 3,576 துப்பாக்கி மரணங்கள், மிசிசிப்பியில் 962. ஆனால் லட்சம் பேருக்கு எத்தனை? கலிஃபோர்னியாவில் 9, மிசிசிப்பியில் 33.9.

25 லட்சம், 43 மடங்கு: இரண்டு பிரபல எண்கள்

துப்பாக்கி ஆதரவாளர்கள் அதிகம் சொல்லும் எண் 25 லட்சம். தற்காப்புக்காக ஆண்டுக்கு இத்தனை முறை துப்பாக்கி பயன்படுகிறது என்பது, கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் ஆகியோர் 1995-ல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. சுமார் 5,000 பேரிடம் போனில் கேட்டு, அதை நாடு முழுவதற்கும் பெருக்கினார்கள்.

இதில் என்ன சிக்கல்? அப்போது அமெரிக்காவில் பெரியவர்கள் சுமார் 19 கோடி. 5,000 பேரில் வெறும் 50 பேர் மறதியாலோ பெருமைக்காகவோ தவறாக "ஆமாம்" என்று சொல்லியிருந்தாலும், பெருக்கினால் 19 லட்சம் ஆகிவிடும். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களிடம் மட்டும் இதே கேள்வியைக் கேட்கும் அரசு கணக்கெடுப்பில் கிடைப்பது சுமார் ஒரு லட்சம் அல்லது அதற்கும் கீழே.

எதிர்த்தரப்பின் எண் 43. "வீட்டில் துப்பாக்கி இருந்தால், திருடனைவிட உங்களைக் கொல்லும் வாய்ப்பு 43 மடங்கு" என்று சொல்வார்கள். இது ஆர்தர் கெல்லர்மன் 1986-ல் வெளியிட்ட சியாட்டில் பகுதி ஆய்விலிருந்து வந்தது. வீட்டுத் துப்பாக்கியால் நடந்த 398 மரணங்களில் தற்காப்புக் கொலைகள் 9. அந்த 9-ஐ வைத்து மற்ற மரணங்களை வகுத்ததில் வந்ததுதான் 43. ஆனால் 398-ல் 333 தற்கொலைகள். துப்பாக்கியைக் காட்டியதுமே திருடன் ஓடியிருந்தால், அது இந்தக் கணக்கில் வராது.

ஆக, ஒரு தரப்பின் எண் சின்னப் பிழையை ஊதிப் பெருக்குகிறது. இன்னொரு தரப்பின் எண் தற்கொலையைக் கொலை மாதிரி காட்டுகிறது.

எண்ணுவதே நின்றுபோன காலம்

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், நல்ல ஆய்வுகளே குறைவு என்பது. 1996-ல் அமெரிக்க நாடாளுமன்றம் 'டிக்கி திருத்தம்' என்ற விதியைக் கொண்டுவந்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்துப் பேச சிடிசி தன் நிதியைப் பயன்படுத்தக் கூடாது என்பதே அந்த விதி. ஆய்வே செய்யக் கூடாது என்று அதில் இல்லை. ஆனால் கூடவே 26 லட்சம் டாலர் நிதியும் வெட்டப்பட்டதால், நமக்கு ஏன் வம்பு என்று சிடிசி ஒதுங்கிக்கொண்டது.

அந்தத் திருத்தத்துக்குப் பெயர் கொடுத்த எம்.பி. ஜே டிக்கியே பின்னாளில் மனம் மாறி, ஆய்வு நடக்க வேண்டும் என்று 2012-ல் எழுதினார். 2020 நிதியாண்டில்தான் சிடிசிக்கும் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கும் சேர்த்து 2.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அதற்குள் 20 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

இதனால் யாருக்கு என்ன?

எந்த எண் விவாதத்தில் ஜெயிக்கிறதோ, அதற்கேற்ற சட்டம்தான் வரும். எல்லாரும் மாஸ் ஷூட்டிங் பற்றியே பேசினால், ராணுவ பாணி ரைஃபிள்களைத் தடை செய்வதோடு பேச்சு நின்றுவிடும். அதற்கும் தேவை இருக்கலாம். ஆனால் எஃப்பிஐ தரவுப்படி, 2020-ல் துப்பாக்கிக் கொலைகளில் 59 சதவீதம் கைத்துப்பாக்கியால் நடந்தவை. ரைஃபிள் என்று பதிவானது 3 சதவீதம். 36 சதவீதத்தில் வகை குறிப்பிடப்படவில்லை அல்லது வேறு வகை.

தற்கொலைதான் பாதிக்கு மேல் என்பது மனதில் பதிந்தால், பேச்சே வேறு மாதிரி போகும். வாங்க வந்தவருக்குச் சில நாள் காத்திருப்பு, வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பது, ஆபத்தான மனநிலையில் இருப்பவரிடமிருந்து தற்காலிகமாக வாங்கி வைப்பது என்று போகும். டிவி விவாதத்தில் சத்தம் போட உதவாத விஷயங்கள்தான் இவை. ஆனால் ஆண்டுக்கு 27,000 பேர் இறப்பது அந்தப் பக்கத்தில்தான்.

அடுத்த முறை ஒரு எண் வந்தால் கேட்க வேண்டியவை

* இதில் தற்கொலை சேர்ந்திருக்கிறதா, இல்லையா?
* மாஸ் ஷூட்டிங் என்றால், யாருடைய வரையறை?
* மொத்த எண்ணிக்கையா, லட்சம் பேருக்கு எத்தனை என்பதா?
* நேரடியாக எண்ணியதா, சிலரிடம் கேட்டுப் பெருக்கியதா?

நாலுக்கும் பதில் இல்லையென்றால், அந்த மெசேஜை ஃபார்வர்ட் பண்ணாமல் விட்டுவிடலாம்.

(தற்கொலை எண்ணம் வந்தால் தயங்காமல் உதவி கேளுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண்: 14416. தமிழ்நாடு சுகாதார உதவி எண்: 104)