தியேட்டரில் இருபது வருஷம், கையில் ஒரு காகிதம் இல்லை

"ஆறே மாதம். சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு. ஓ.டி. டெக்னீஷியன் சான்றிதழ். அனுபவம் உள்ளவர்களுக்குத் தேர்வு கிடையாது." சென்னை நந்தனம், சைதாப்பேட்டை பக்கம் இந்த மாதிரி நோட்டீஸ் கண்ணில் பட்டால் நான் படிக்காமல் நகர்வதில்லை. இதை நம்பிப் பணம் கட்டிவிட்டு, பிறகு என்னிடம் காகிதத்தை நீட்டி "சார், இது செல்லுமா?" என்று கேட்டவர்கள் பலர். கட்டுவதற்கு முன் கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

தேனாம்பேட்டை, தி.நகர், மயிலாப்பூர் நர்சிங் ஹோம்களில் வார்டு பாயாகச் சேர்ந்தவர்கள் இவர்கள். டிராலி தள்ளி, ஆட்டோகிளேவ் போடக் கற்று, ஆள் வராத ஒரு நாளில் ஸ்க்ரப் பண்ணி ஆபரேஷன் தியேட்டரில் (ஓ.டி.) டாக்டர் பக்கத்தில் நின்றவர்கள். சர்ஜன் கை நீட்டுமுன் எந்தக் கருவி என்று இவர்களுக்குத் தெரியும். வயிற்றைத் தைத்து மூடும் நேரத்தில் "சார், மாப் ஒன்று குறையுது" என்று சொல்லி நிறுத்துவார்கள். அந்த ஒரு வார்த்தையால் பிழைத்த உயிர்கள் உண்டு. ஆனால் சம்பளப் பதிவேட்டில் பதவி 'ஹெல்ப்பர்'. ஆஸ்பத்திரி, தரத்துக்கான என்.ஏ.பி.எச். அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும்போது ஊழியர்களின் படிப்புச் சான்று கேட்பார்கள். அன்றைக்குத்தான் பதற்றம் பிறக்கிறது. அந்தப் பதற்றத்தில்தான் நோட்டீஸில் உள்ள நம்பருக்குப் போன் போகிறது.

தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் 2021-இல் வந்தது. ஓ.டி. டெக்னாலஜிஸ்ட், அனஸ்தீசியா டெக்னாலஜிஸ்ட் இரண்டும் அதன் அட்டவணையில் இருக்கின்றன. அந்தச் சட்டப்படி இணை சுகாதாரப் பணியாளர் என்றால், இரண்டு முதல் நான்கு வருடத்தில் குறைந்தது 2,000 மணி நேரம் படித்து டிப்ளமோவோ பட்டமோ பெற்றிருக்க வேண்டும். நோட்டீஸ் சொல்லும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 26 வாரம், வாரம் 2 நாள், நாளுக்கு 6 மணி நேரம் என்றே வைத்தாலும் மொத்தம் 312. மீதி 1,688 மணி நேரத்தை எந்த நிறுவனமும் உங்கள் அனுபவத்தைக் காட்டித் தானாகக் கழித்துவிட முடியாது. தபால் வழியிலும் முடியாது. இந்தச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யு.ஜி.சி. தடுத்துவிட்டது.

அதே சட்டத்தில் இன்னொரு கதவும் இருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே இந்தத் தொழிலில் இருந்தவர்கள் பதிவு செய்துகொள்ள அதில் ஏற்பாடு உண்டு. உங்களுக்கான வழி அது. அதை நம் அரசுகள் எப்படி நடத்தின? மூன்று வருடம் ஆகியும் மாநிலங்கள் பதிவுக்கான கவுன்சில்களை ஒழுங்காக அமைக்காததால், உச்ச நீதிமன்றமே 2024 ஆகஸ்டில் இரண்டு மாதக் கெடு விதிக்க வேண்டி வந்தது. படித்த அதிகாரிகளுக்கு நினைவூட்டக் கோர்ட்டு தேவைப்பட்டது என்றால், இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கப் போகும் ஊழியனுக்கு இந்தச் சட்டத்தை யார் சொல்லியிருப்பார்கள்?

பதிவுக்குப் போனால் முதலில் கேட்கப்படுவது வேலை பார்த்ததற்கான ஆதாரம். நம்மவர்கள் கோட்டை விடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'நன்னடத்தை உடையவர், வாழ்த்துகள்' என்று ஒரு வரி எழுதித் தருவது அனுபவச் சான்றிதழ் ஆகாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, தியேட்டரில் செய்த வேலை, எந்தெந்தப் பிரிவு அறுவை சிகிச்சைகள், கையெழுத்திட்டவரின் பெயர், பொறுப்பு எல்லாம் அதில் வேண்டும். கையெழுத்திட்டவர் டாக்டர் என்றால் அவருடைய மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும், 1997-ஆம் வருடத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி அந்த ஆஸ்பத்திரிக்குள்ள பதிவு எண்ணும் இருக்கட்டும். பதவி 'ஹெல்ப்பர்' என்றே இருந்தாலும், செய்த வேலையைத் தனி வரியில் எழுதச் சொல்லுங்கள். சின்ன நர்சிங் ஹோம்கள் திடீரென்று மூடப்படுகின்றன. பெரிய டாக்டர் காலமானால் சான்று தர ஆளே இல்லை. இந்த வாரமே வாங்குங்கள்.

சான்று தர மறுத்தால் பி.எஃப். பாஸ்புக்கை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் பணம் கட்டிய நிறுவனமும் மாதங்களும் அதில் பதிவாகியிருக்கும். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணே தெரியாது என்றால் ராயப்பேட்டை ஹை ரோட்டில் உள்ள பி.எஃப். அலுவலகத்துக்குப் போங்கள். சம்பளம், பணிப்பதிவு தகராறுக்குத் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது, நந்தனத்திலிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம். அரசு தியேட்டர் உதவியாளர் பணிக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும் அதே வளாகம்தான். அதன் அறிவிக்கையில் கேட்கும் படிப்பின் பெயரும் உங்கள் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள்.

'முன்கற்றல் அங்கீகாரம்' என்று ஒன்று உண்டு. பிரதமர் கௌஷல் விகாஸ் திட்டத்தின் கீழ், தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்று தருவார்கள். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது, ஓ.டி. பிரிவுக்கு மதிப்பீடு நடக்கிறதா என்று நேரில் கேளுங்கள். அது நல்ல சான்று. ஆனால் டிப்ளமோ அல்ல, பட்டம் அல்ல. இதைத்தான் சிலர் 'மத்திய அரசு டிப்ளமோ' என்று விற்கிறார்கள். வளைகுடாவுக்குப் போக நினைப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அங்கே சான்றைச் சரிபார்க்கும் நிறுவனம், சான்று கொடுத்த பல்கலைக்கழகத்துக்கே நேரடியாக எழுதிக் கேட்கும். அங்கிருந்து 'இந்தப் பெயரில் இங்கே யாரும் படிக்கவில்லை' என்று பதில் வந்தால் விசா கனவு அதோடு முடிந்தது.

அமெரிக்காவிலும் இதே பிரச்சினை இருந்தது. வேலையில் பழகியே டெக்னாலஜிஸ்ட் ஆனவர்களுக்காக அங்கே தனித் துரிதப் பயிற்சி வைத்தார்கள். அதை நடத்தியவை அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள். முடிவில் தேசியத் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும். தேர்வே கிடையாது என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் இணைப்பு ஆணையின் நகலைக் கேளுங்கள். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்றால், கிண்டியில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்திலேயே தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். வெள்ளைத் தாளில் மனு, அதில் பத்து ரூபாய் கோர்ட்டு ஃபீ ஸ்டாம்ப், பதிவுத் தபால். 30 நாளில் பதில் தர வேண்டும். 'இந்த நிறுவனம், இந்தப் படிப்பு, இந்த வருடம் உங்களோடு இணைக்கப்பட்டதா?' என்ற ஒரே கேள்வி போதும். பதில் வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். 'இன்றோடு சேர்க்கை முடிகிறது' என்று அவசரப்படுத்தினால் கட்டாயம் கட்டாதீர்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். தனியார் மொபைல் நம்பருக்கு ஜி-பே செய்யாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்க வேண்டாம். ஏமாற்றுக் குற்றத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் 'அப்புறம் வா' என்றால் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. கல்வி ஒரு சேவையே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாடும், அப்படித் தீர்ப்புகளும் இருக்கின்றன. அதனால் மனுவில் பாடம் சரியில்லை என்று புலம்ப வேண்டாம். இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாக விளம்பரம் செய்து பணம் வாங்கினார்கள் என்பதை முதல் பத்தியிலேயே வையுங்கள், அந்த நோட்டீஸை முதல் ஆவணமாக இணையுங்கள்.