அளவை தொடங்கும் புள்ளி

தேயிலைத் தோட்டத்திலே கொழுந்து நிறுக்குமுன், தராசின் முள் சுழியில் நிற்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். முள் சற்றே விலகி நின்றாலும், நிறுக்கப்படும் ஒவ்வொரு கூடையிலும் அதே பிழை ஏறிவிடும். எந்த அளவும், அது தொடங்கும் புள்ளியைச் சார்ந்ததே.

கணினியில் இயங்கும் விமான சிமுலேட்டரிலும் இவ்வாறே. திரையில் தோன்றும் விமானம் வெறும் ஓவியமன்று. அதற்கு ஆதாரப் புள்ளி ஒன்று உண்டு. ஈர்ப்பு மையம் அப்புள்ளிக்கு எத்தனை அடி முன்னே, சில்லுகள் எத்தனை அடி கீழே என்பன யாவும் எண்களாகக் குறிக்கப்பட்டிருக்கும். சில்லு நிலத்தைத் தொடும் புள்ளியைச் சித்திரத்திலுள்ள சில்லுக்குக் கீழே குறித்தால், விமானம் ஓடுபாதைக்கு மேலே மிதந்து நிற்கும். மேலே குறித்தால், சில்லுகள் தரைக்குள் புதையும்.

இதனைத் திருத்துவோர் முதலில் ஆதாரப் புள்ளியை உறுதிசெய்தல் வேண்டும். பின்னர் ஏனைய எண்களை ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றுந்தோறும் விமானத்தை ஓடுபாதையில் நிறுத்திப் பார்த்தல் நலம். இடையிலே ஆதாரப் புள்ளியை நகர்த்தினால், எல்லா எண்களும் ஒருங்கே பிழைபடும்.

விமானத்தின் உறுப்புகளுக்கு மட்டுமன்றி, வானில் அது செல்லும் நிலைக்கும் ஆதாரம் தேவை. உயரம் கடல் மட்டத்திலிருந்தும், தூரம் விமான நிலையத்திலிருந்தும் அளக்கப்படுகின்றன. கட்டுநாயக்கா கடல் மட்டத்துக்குச் சில அடிகளே மேலானது. நுவரெலியாவோ 6,000 அடிக்கும் மேலானது. ஆகவே, கட்டுநாயக்காவின் மேல் வெறும் வானாக இருக்கும் 4,000 அடி உயரம், மலைநாட்டிலே பாறையாக இருக்கக்கூடும்.

1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு இவ்வுண்மை பெருந்துயரமாக வெளிப்பட்டது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த மார்ட்டின் ஏர் நிறுவனத்தின் டி.சி.8 விமானம், எரிபொருள் நிரப்பக் கட்டுநாயக்காவை நாடி இறங்கத் தொடங்கிற்று. விமான நிலையத்தினின்று தாம் இருந்த இடத்தை விமானிகள் பிழையாகக் கணித்தனர். மஸ்கெலியாவுக்கு அண்மையிலுள்ள சப்த கன்னியர் மலையில், ஏறத்தாழ 4,350 அடி உயரத்தில் விமானம் மோதிற்று. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர்.

சிமுலேட்டரில் பிழையான எண்ணைத் திருத்தி மீண்டும் பறக்கலாம். மலையிலே அவ்வாய்ப்பு இல்லை. எனவே, பறக்கப் பழகுவோர் எண்ணை நம்புமுன், அது எங்கிருந்து அளக்கப்பட்டது என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். இப்பழக்கத்தை உயிர்ச்சேதமின்றிக் கற்பிப்பதே சிமுலேட்டரின் பெரும்பயனாகும்.