நடந்தே கடக்கும் தடைகள்

குதிரையின் மேல் உட்கார்ந்தபடியே ஒரு கதவின் தாழ்ப்பாளை நீக்கி, உள்ளே நுழைந்து, பிடித்த கையை எடுக்காமல் கதவைச் சாத்தித் தாழிட வேண்டும். அடுத்து ஒரு பலகைப் பாலம், தரையில் கிடக்கும் மரத்தண்டுகள், ஆழம் தெரியாத ஒரு தண்ணீர்க் குட்டை, பின்னோக்கி நடந்தே வெளியேற வேண்டிய குறுகலான ஒரு சந்து. தடைப்பாதைச் சவாரிப் போட்டி இத்தகைய வேலைகளால் ஆனது. குதிரைப் பந்தயத்தில் வேகத்தை அளக்கிறார்கள். தாண்டும் போட்டியில் தடைகளைத் தட்டிவிடாமல் தாண்டுவதைப் பார்க்கிறார்கள். இங்கே நடுவர்கள் பார்ப்பது குதிரையின் நிதானத்தையும், சவாரிக்காரர் மேல் அது வைத்திருக்கும் நம்பிக்கையையும்தான். முதலில் வந்து சேர்ந்தவருக்கு இதில் பரிசு கிடையாது.

இதன் வேர் அமெரிக்காவின் மேற்குப் பகுதி மாட்டுப் பண்ணைகளில் இருக்கிறது. மந்தையை ஓட்டிச் செல்லும் மாடுமேய்ப்பவர் ஒவ்வொரு வேலிக் கதவுக்கும் இறங்கி ஏறினால் வேலை நடக்காது. கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் மாடுகள் சிதறிவிடும். மழை வந்தால் சேணத்தில் கட்டியிருக்கும் மழைக்கோட்டை அவிழ்த்துக் குதிரை மேலிருந்தே போட்டுக்கொள்ள வேண்டும். தோளுக்குப் பின்னால் துணி படபடத்தாலும் குதிரை அசையாமல் நிற்க வேண்டும். இந்த அன்றாடத் தேவைகளே பிற்காலத்தில் போட்டி அரங்குக்குள் வந்தன. 1940-இல் டெக்சாஸில் தொடங்கப்பட்ட அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைச் சங்கத்தின் போட்டிகளில் ‘ட்ரெயில்’ என்ற பெயரில் இது தனிப் பிரிவாக நடக்கிறது. திறந்தவெளியில் நெடுந்தூரம் போகும் வகையும் அமெரிக்காவிலேயே வளர்ந்தது. வெர்மான்ட் மாநிலத்தில் 1936-இல் தொடங்கிய 100 மைல் சவாரி அதில் பழமையானது. 1961-இல் கலிஃபோர்னியாவில் வட அமெரிக்க ட்ரெயில் சவாரி மாநாடு என்ற அமைப்பு உருவாகி, இத்தகைய சவாரிகளுக்கு ஒரே மாதிரியான விதிகளை வகுத்தது. பிரான்ஸில் 1970-களில் தனியாக ஒரு வடிவம் பிறந்தது; அது பின்னால் வரும்.

அரங்கில் நடக்கும் ட்ரெயில் போட்டியில் மூன்று சோதனைகள் கட்டாயம்: கதவு, குறைந்தது நான்கு மரத்தண்டுகளைக் கடப்பது, பின்னோக்கி நடப்பது. மற்றவை அமைப்பாளர் விருப்பம். பாலம் வைத்தால் அது குறைந்தது 3 அடி அகலமும் 6 அடி நீளமும் இருக்க வேண்டும். பக்கவாட்டில் நடப்பது, அஞ்சல் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்துத் திரும்ப வைப்பது, ஏதாவது ஒரு பொருளைக் கையில் ஏந்திச் செல்வது போன்றவையும் வழக்கத்தில் உண்டு.

இவற்றில் கதவுதான் குதிரையின் பயிற்சியை அப்பட்டமாகக் காட்டிவிடும். சவாரிக்காரர் கதவுக்கு இணையாக, தாழ்ப்பாள் தன் முழங்காலுக்கு அருகே வரும்படி குதிரையை நிறுத்துகிறார். ஒரு கையில் கடிவாள வார், மறு கை கதவில். தாழ்ப்பாளை நீக்கியதும் குதிரை ஓரிரு அடி பின்வாங்கி, கதவு திறக்க இடம்விட வேண்டும். தலையும் தோளும் இடைவெளிக்குள் நுழைந்ததும் வேகமெடுத்துவிடக் கூடாது. பாதி உடல் உள்ளே, பாதி வெளியே என்ற நிலையில் நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும். பிறகு முன்னங்கால்களை ஏறக்குறைய ஓரிடத்தில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் அரைவட்டமாகச் சுழற்றிக் கதவுக்கு மறுபுறம் திரும்ப வேண்டும். கடைசியில் பக்கவாட்டாக நகர்ந்து கதவைத் தள்ளி மூட வேண்டும். இவ்வளவும் காலின் சிறு அழுத்தத்துக்கு நடக்க வேண்டும். கதவிலிருந்து கை நழுவினால் ஐந்து புள்ளிகள் போய்விடும். பண்ணையில் அந்தக் கணத்தில்தான் மந்தை வெளியே ஓடியிருக்கும் என்பதால் இந்தத் தண்டனை நியாயமானதே.

மரத்தண்டுகளுக்கு இடையிலான தூரம் குதிரையின் எட்டுக்கு ஏற்ப அமைகிறது. நடந்து கடக்க 20 முதல் 24 அங்குலம். துள்ளுநடைக்கு 3 அடி முதல் மூன்றரை அடி. மெல்லோட்டத்துக்கு 6 முதல் 7 அடி. குளம்பு தண்டை லேசாக உரசினாலே அரைப் புள்ளி குறையும், நன்றாக இடித்தாலோ மிதித்தாலோ ஒரு புள்ளி. எனவே தண்டுகளுக்குள் நுழையும் கடைசி ஓரிரு எட்டுகளிலேயே பாதி வெற்றி முடிவாகிவிடுகிறது. தவறான இடத்தில் குளம்பு விழுந்து நுழைந்த குதிரை ஒவ்வொரு தண்டிலும் தடுமாறும். பின்னோக்கி நடக்கும் சந்தின் அகலம் தரையில் வெறும் 28 அங்குலமாகக்கூட இருக்கலாம். தனக்கு நேர் பின்னால் இருப்பதைக் குதிரையால் பார்க்க முடியாது. அங்கே முழுக்க முழுக்கச் சவாரிக்காரரின் கண்ணை நம்பித்தான் அது நடக்கிறது.

எதை வைக்கக் கூடாது என்ற பட்டியலும் விதிகளில் உண்டு. டயர்கள், உயிருள்ள விலங்குகள், விலங்குத் தோல், ஆடும் பாலம், தீ, உருளக்கூடிய நிலையில் உயர்த்தி வைத்த தண்டுகள் ஆகியவை அரங்கில் தடைசெய்யப்பட்டவை. குதிரையை மிரளவைத்து வேடிக்கை பார்ப்பது இந்தப் போட்டியின் வேலையல்ல. காட்டுப் பாதையில் உண்மையாக எதிர்ப்படக்கூடியதைப் பாதுகாப்பாக முன்னால் வைப்பதே நல்ல அமைப்பாளரின் திறமை.

ஒரு பாலத்தில் ஏறக் குதிரை ஏன் இவ்வளவு தயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள அதன் கண்களைப் பார்க்க வேண்டும். தலையின் இருபுறமும் அமைந்த கண்களால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 பாகை வரை அது பார்க்கும். ஆனால் இரு கண்களும் சேர்ந்து ஆழத்தையும் தூரத்தையும் நன்றாகக் கணிக்கும் பகுதி முன்னால் சுமார் 65 பாகைதான். நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழும் வாலுக்குப் பின்னாலும் அதற்குப் பார்வை இல்லை. வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும்போது குதிரையின் கண் பழக மனிதக் கண்ணைவிட அதிக நேரம் எடுக்கும். இதனால் சிறு நீர்த்தேக்கமும் அதற்குப் படுகுழியாகத் தோன்றலாம். குதிரை தலையைத் தாழ்த்தி மோந்து பார்ப்பதைப் பிடிவாதம் என்று நினைத்துக் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பவர், அது தரையைப் பார்க்கும் ஒரே வழியை அடைத்துவிடுகிறார். நல்ல சவாரிக்காரர் தடையை நெருங்கும்போது கடிவாளத்தைத் தளர்த்தி, தலையை இறக்க இடம்கொடுப்பார். அரங்கு நடுவர்களும் குதிரை தடையைக் கவனித்துப் பார்த்துக் கடப்பதை விரும்புகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு பாய்வதைவிட அது உயர்வாக மதிக்கப்படுகிறது.

பயிற்சி முழுவதும் ஒரே கொள்கையில் நடக்கிறது: அழுத்தம் கொடுத்து, குதிரை சரியான பக்கம் ஓர் எட்டு வைத்த உடனே அழுத்தத்தை விட்டுவிடுவது. அந்த விடுதலையிலிருந்துதான் அது கற்றுக்கொள்கிறது. விடுவிப்பது சில நொடிகள் தாமதித்தால், எதற்காகக் கிடைத்தது என்று குதிரைக்குப் புரிவதில்லை. முதல் பாடங்கள் தரையில் நின்றபடி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கும். பாலம் என்றால் முதலில் ஒரு தட்டையான பலகைத் துண்டு. அதில் ஒரு கால் வைத்தால் போதும், நிறுத்தி ஓய்வு. இரண்டு கால், பிறகு நான்கு, பிறகு அதன் மேலேயே நின்று இளைப்பாறுவது. பலகை எழுப்பும் வெற்றொலி பழகிய பின்பே உயரமான பாலம். தண்ணீர், தார்ப்பாய், தொங்கும் கிளை எல்லாவற்றுக்கும் இதே வரிசைதான். பயந்த குதிரையை அடித்துக் கடக்கவைக்கலாம். ஆனால் அடுத்த முறை தடையோடு அடியையும் சேர்த்தே அது பயப்படும். குதிரையின் நினைவாற்றல் நீண்டது என்பதால் இந்தத் தவறைத் திருத்த மாதக்கணக்கில் ஆகிவிடும்.

குவார்ட்டர் சங்கத்தின் முறையில் ஒவ்வொருவரும் சராசரி எனக் கருதப்படும் 70 புள்ளிகளோடு தொடங்குகிறார்கள். ஒவ்வொரு தடையையும் கடந்த விதத்துக்கு, மிக நன்றாக இருந்தால் ஒன்றரைப் புள்ளி கூடும், மிக மோசமாக இருந்தால் ஒன்றரை குறையும். அதன்மேல் பிழைகளுக்கான தண்டனை தனி. கையிலிருந்த பொருளைக் கீழே போட்டாலும் தடையின் முன் குதிரை மறுத்து நின்றாலும் ஐந்து புள்ளிகள். மூன்றாம் முறை மறுத்தால் மதிப்பெண் கிடையாது. கையை ஓங்கி மிரட்டுவது போலவே, கழுத்தில் தட்டிக்கொடுத்துப் பாராட்டுவதும் ஓட்டத்தின் நடுவே தண்டனைக்குரியது. கேட்கக் கடுமையாக இருந்தாலும் அதில் பொருள் இருக்கிறது. மிரட்டலோ தாஜாவோ தேவைப்படாத அளவுக்குப் பழகிய குதிரையைத்தான் நடுவர் தேடுகிறார்.

பிரெஞ்சு வடிவத்தின் பெயர் ‘ட்ரெக்’. குதிரைச் சுற்றுலாவுக்கு ஆட்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளின் திறமையைச் சோதிக்கும் நோக்கில் தொடங்கியது என்பதால், இது குதிரையோடு சவாரிக்காரரின் மூளையையும் சேர்த்தே சோதிக்கிறது. 1975-இல் உருவான பன்னாட்டுக் குதிரைச் சுற்றுலாக் கூட்டமைப்பு இதை ஐரோப்பா முழுவதும் பரப்பியது. மொத்தம் 460 புள்ளிகள், மூன்று கட்டங்கள். முதலாவது வழிகண்டு செல்லும் கட்டம், 240 புள்ளிகள். சவாரிக்காரர் ஓர் அறைக்குள் சென்று, அங்கே மாட்டியிருக்கும் மூல வரைபடத்தைப் பார்த்து, தன் வரைபடத்தில் பாதையைக் குறித்த நேரத்துக்குள் வரைந்துகொள்ள வேண்டும். பிறகு கைப்பேசியோ செயற்கைக்கோள் கருவியோ இல்லாமல், திசைகாட்டியை மட்டும் நம்பித் தனியே புறப்பட வேண்டும். உயர்நிலைப் போட்டிகளில் தூரம் 30 கிலோமீட்டரைத் தாண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகம் என்று சொல்லிவிடுவார்கள். மறைவாக இருக்கும் சோதனைச் சாவடிக்குத் தாமதமாகப் போனாலும் முன்கூட்டியே போனாலும் நிமிடத்துக்கு ஒரு புள்ளி குறையும். பாதை தவறினால் இழப்பு பெரிது.

இரண்டாவது கட்டம் மிகச் சிறியது, ஆனால் அழகானது. 150 மீட்டர் நீளமுள்ள ஒரு குறுகிய பாதையில் குதிரை ஒரு முறை எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக மெல்லோட்டத்தில் வர வேண்டும். மறுமுறை ஓடாமல், நடையிலேயே எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 30 புள்ளிகள். இடையில் நடை மாறிவிட்டால் பூஜ்யம். மெதுவாக ஓட உடற்கட்டும் சமநிலையும் வேண்டும். வேகமாக நடக்கும் குதிரைதான் நெடும்பயணத்தில் களைக்காமல் தூரத்தை விழுங்கும். மூன்றாவது கட்டம் 16 தடைகள், தடைக்குப் பத்தாக 160 புள்ளிகள். தாழ்வான கிளைகளுக்கு அடியில் குனிந்து போவது, மண்படிகளில் ஏறி இறங்குவது, சரிவில் குதிரையைக் கையில் பிடித்து நடத்துவது, சிறு மரத்தண்டைத் தாண்டுவது எல்லாம் இதில் வரும். பார்க்க எளிதாகத் தோன்றிப் பலரை வீழ்த்தும் தடை ஒன்று உண்டு: தரையில் வரைந்த வட்டத்துக்குள் குதிரையை நிறுத்திவிட்டு, சவாரிக்காரர் விலகி நிற்க வேண்டும். யாரும் பிடிக்காமல், பக்கத்தில் புல் இருந்தாலும், அது பத்து நொடிகள் அசையாமல் நிற்க வேண்டும்.

வட அமெரிக்க நெடும்பாதைச் சவாரிகளில் பெரும்பாலும் இரண்டு நாட்கள் பயணம். ஒரு கால்நடை மருத்துவரும் சவாரித் திறனைப் பார்க்கும் ஒரு நடுவரும் வழியில் ஆங்காங்கே காத்திருப்பார்கள். ஓடையைக் கடப்பது, மேட்டில் ஏறிக்கொள்வது, விழுந்த மரத்தைச் சுற்றிப் பின்வாங்குவது போன்ற இயற்கையான தடைகளையே அவர்கள் சோதனையாக்குவார்கள். மலையேறி வந்த குதிரையை நிறுத்திப் பத்து நிமிட ஓய்வுக்குப் பின் நாடித்துடிப்பையும் மூச்சையும் எண்ணுவார்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும் குதிரையின் இதயம் ஏற்றத்தில் பல மடங்கு வேகமெடுக்கும். அது எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதே உடல்தகுதியின் நேரடி அளவு. அடங்காத குதிரை அங்கேயே நிறுத்திவைக்கப்படும். தோலைக் கிள்ளி விட்டு நீர்ச்சத்தையும், ஈறில் விரலை அழுத்தி இரத்த ஓட்டத்தையும், வயிற்றின் ஒலியைக் கேட்டுக் குடல் இயக்கத்தையும் மருத்துவர் பார்ப்பார். சேணம் உரசிய புண்ணோ நொண்டலோ தென்பட்டால் புள்ளிகள் குறையும், கடுமையாக இருந்தால் சவாரியே முடிந்துவிடும். அன்று இரவு முகாமில் குதிரைக்குத் தண்ணீரும் வைக்கோலும் கொடுத்துக் கட்டிவைத்திருக்கும் விதத்தைக்கூட நடுவர் வந்து பார்க்கிறார்.

புதிதாக இறங்குபவருக்கு விலையுயர்ந்த குதிரை தேவையில்லை. திறந்தவெளிச் சவாரிகளில் இனக் கட்டுப்பாடு இல்லை; மட்டக்குதிரைகளும் கோவேறு கழுதைகளும் வருகின்றன. இளங்குதிரையைவிட நடுவயதுக் குதிரையே பெரும்பாலும் ஏற்றது. முதுகெலும்பின் வளர்ச்சி முழுமையடைய ஐந்தரை, ஆறு வயதாகும் என்பதோடு, அதற்குள் பல இடங்களைப் பார்த்துப் பழகிய மனமும் அதற்கு வந்திருக்கும். பொருத்தமான சேணம், தலைக்கவசம், கயிறு கட்டிய தலைவார், முதலுதவிப் பை, லாடம் கழன்றால் குளம்புக்கு மாட்ட ஒரு காலணி ஆகியவை போதும். போட்டியன்று ஒரு தடை தன் குதிரைக்கு ஆகாது என்று தோன்றினால் சவாரிக்காரர் அதைச் செய்யாமல் விட்டுவிடப் பல போட்டிகளில் அனுமதி உண்டு. அந்தத் தடைக்கான புள்ளி மட்டும் போகும். வீட்டில் அதே தடையை மீண்டும் பலகைத் துண்டிலிருந்து தொடங்கலாம்.