காத்தடிக்கிற நாள்ல பேடில்போர்டிங்: போர்டு விலை மட்டும்தான் செலவா?

கோவளத்துலயோ ராமேஸ்வரத்துலயோ ஒரு தடவை பேடில்போர்டு ஏறிப் பார்த்துட்டு வந்தவங்களுக்கு அடுத்த வாரமே ஒரு யோசனை வரும். காத்து அடைச்சு மடிச்சு பைக்ல கட்டிட்டுப் போற மாதிரி ஒரு போர்டு வாங்கிட்டா, ஞாயித்துக்கிழமை காலையில பூலாம்பட்டி பக்கம் இறங்கிடலாமே? நாமக்கல்காரங்களுக்கு ஜேடர்பாளையம் ஞாபகம் வரும். இவ்வளவு தண்ணிய பக்கத்துல வச்சுக்கிட்டு எதுக்கு கடற்கரை வரைக்கும் போகணும்?

போர்டோட இ.எம்.ஐ. கணக்கு சுலபம். மாசச் சம்பளத்துல செலவு போக மிச்சத்துல அடங்குதான்னு பார்த்தா முடிஞ்சது. அந்தப் போர்டு மேல நிக்கிற ஆள் ரெண்டு மாசம் வேலைக்குப் போக முடியாம ஆயிட்டா என்ன ஆகும்ங்கிற கணக்கைத்தான் யாரும் போடுறதில்லை. அதைப் புரிஞ்சுக்க முதல்ல காத்தைப் பத்திப் பேசணும்.

பேடில்போர்டு மேல நேரா நிக்கிற மனுஷன் ஒரு பாய்மரம் மாதிரி. காத்தோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா, அது உங்களைத் தள்ளுற விசை நாலு மடங்கு ஆகும். மணிக்கு 10 கி.மீ. காத்துல ஜாலியா துடுப்பு போட்டவர், 20 கி.மீ. காத்துல அதே துடுப்பை வச்சு இருந்த இடத்துலயே நிப்பார், இல்லைன்னா பின்னாடி போவார். புதுசா கத்துக்கிறவங்களுக்கு சுமார் 18 கி.மீ.யே அதிகம். வெதர் ஆப்ல சராசரி வேகத்தை மட்டும் பார்க்காதீங்க. திடீர்னு வீசுற காத்தோட வேகம் தனியா போட்டிருக்கும், அதைப் பாருங்க. ஆனியிலயும் ஆடியிலயும் நம்ம பக்கம் மத்தியானத்துக்கு மேல என்ன காத்து அடிக்கும்னு நான் சொல்லணுமா? அம்மியே பறக்கும்னு சொல்லி வச்ச ஊரு இது.

வேகத்தை விட முக்கியம் திசை. பூலாம்பட்டி சேலம் மாவட்டக் கரை, எதிர்ல நெரிஞ்சிப்பேட்டை ஈரோடு மாவட்டக் கரை. தென்மேற்குப் பருவக் காத்து மேற்குப் பக்கமிருந்து வர்றப்போ பூலாம்பட்டியில இறங்கினவரை அது திரும்பக் கரைக்கே தள்ளும். அதே நாள், அதே நேரம், நெரிஞ்சிப்பேட்டையில இறங்கினவரை நடு ஆத்துக்கு இழுத்துட்டுப் போகும். இதுல ஆபத்து என்னன்னா, ரெண்டாமவருக்குப் போறப்போ எல்லாமே சுகமா இருக்கும். "நமக்கு நல்லா வருதே"ன்னு நினைப்பார். திரும்பும்போதுதான் தெரியும். அதனால போற வழியில காத்தை எதிர்த்துப் போகணும், களைச்சுப்போய்த் திரும்பும்போது காத்து உங்க முதுகுல இருக்கணும். மாட்டிக்கிட்டா உடனே மண்டி போடுங்க, தேவைப்பட்டா குப்புறப் படுத்து கையால துழாவுங்க, பாய்மரம் சின்னதாகும். போர்டை விட்டுட்டு மட்டும் நீந்தப் போகாதீங்க.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கலும் சேருது. பூலாம்பட்டியில தண்ணி ஏரி மாதிரி அசையாம நிக்கக் காரணமே கீழே இருக்கிற கதவணைதான். மேட்டூர் அணை பாசனத்துக்கு வழக்கமா ஜூன் 12 திறக்கிறாங்க. காத்தும் தண்ணி வரத்தும் ஒரே சீசன்ல வருது.

இதுக்கு ஒரு நிஜமான உதாரணம் இருக்கு. 2021 அக்டோபர் 30 அன்னைக்கு பிரிட்டன்ல, வேல்ஸ் பகுதியில இருக்கிற ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் ஊர்ல, காசு கட்டி பேடில்போர்டு டூர் போன ஒரு குழு மழையால வேகமா ஓடிட்டிருந்த ஆத்துல ஒரு தடுப்பணை மேல போயிட்டாங்க. நாலு பேர் இறந்தாங்க. அங்க பிரச்சினை காத்து இல்லை, வெள்ளமும் அணையும்தான். ஆனா காத்து உங்களை அணைப் பக்கம் தள்ளினாலும் போய்ச் சேர்ற இடம் அதேதான். டூர் நடத்தின நிறுவனத்தோட உரிமையாளருக்கு 2025-ல 10 வருஷம் 6 மாசம் ஜெயில் தண்டனை கிடைச்சது. அதுக்கப்புறம் அதிகம் பேசப்பட்ட ஒரு விஷயம், போர்டையும் உங்களையும் இணைக்கிற கயிறு. அசையாத தண்ணியில அதைக் கணுக்கால்ல கட்டலாம். ஓடுற தண்ணியில கணுக்கால்ல கட்டினா, கயிறு எங்கயாவது மாட்டிக்கிட்டா குனிஞ்சு அவிழ்க்கவே முடியாது. இடுப்புல கட்டி, ஒரே இழுப்புல கழட்டுற வகைதான் வேணும். லைஃப் ஜாக்கெட்டும் இதுவும் போர்டு பட்ஜெட்ல சேர்த்தாகணும். அதுக்குக் காசு இல்லைன்னா, என் கணக்குப்படி போர்டுக்கும் காசு இல்லை.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வர்றேன்.

கம்பெனி கொடுத்த ஹெல்த் பாலிசியோட பி.டி.எஃப்.-ஐத் திறந்து "எக்ஸ்க்ளூஷன் கோட் 09"னு தேடுங்க. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல எல்லா கம்பெனிக்கும் பொதுவா வகுத்துக் கொடுத்த வாசகம் அது. சாகச விளையாட்டுல "புரொஃபஷனலா" கலந்துக்கிட்டு வர்ற சிகிச்சைச் செலவு கிடையாதுன்னு சொல்லுது. ராஃப்டிங், ஸ்கூபா டைவிங் எல்லாம் பேர் சொல்லியே இருக்கும். பலர் இதைப் படிச்சுட்டு "அட்வென்ச்சர்னா கிளைம் கிடையாது"ன்னு விட்டுடறாங்க. தப்பு. பொழுதுபோக்கா போறவரை அந்த வாசகம் தடுக்கலை. ஆனா வார இறுதியில நாலு பேருக்குக் கத்துக்கொடுத்து சைடு இன்கம் பார்க்கலாம்னு ஆரம்பிச்சீங்கன்னா, அந்த "புரொஃபஷனல்" வார்த்தை உங்க மேல பாய வாய்ப்பு இருக்கு. காசு வாங்குறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கிடுங்க.

தனிநபர் விபத்து பாலிசி வேற ஆட்டம். அதுல விலக்கு வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பொழுதுபோக்கா போனாலும் விலக்கு வைக்கிறவங்க உண்டு. குடிச்சிருந்தா கிளைம் கிடைக்காதுங்கிறது மட்டும் அனேகமா எல்லாத்துலயும் இருக்கும். ஆத்தங்கரை அவுட்டிங்ல இது எவ்வளவு பெரிய ஓட்டைன்னு உங்களுக்கே தெரியும்.

ஆஸ்பத்திரி பில்லைவிட எனக்குப் பெரிய கவலை சம்பளம்தான். மாசம் 35,000 வாங்குறவருக்குத் தோள்பட்டை இறங்கி, இருக்கிற லீவெல்லாம் தீர்ந்து, ரெண்டு மாசம் லாஸ் ஆஃப் பே ஆனா 70,000 போச்சு. இதை ஹெல்த் பாலிசி தராது. சம்பளம் 21,000-க்குள்ள இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்கன்னா நீங்க கொடுத்துவச்சவங்க: வேலை நேரத்துக்கு வெளியில அடிபட்டாலும் சிகிச்சை உண்டு. பங்களிப்பு நிபந்தனை சரியா இருந்தா நோய்க்கால உதவியா சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும். 21,000-ஐத் தாண்டினவங்க விபத்து பாலிசி எடுக்கும்போது, தற்காலிகமா வேலை செய்ய முடியாத காலத்துக்கு வாராவாரம் பணம் தர்ற பிரிவு இருக்கான்னு கேட்டு வாங்குங்க. ஏஜென்ட் தானா சொல்ல மாட்டார்.

இறப்புன்னு வந்தா (பேச நல்லா இல்லைதான், ஆனா அதுதான் என் வேலை), பி.எஃப். பிடிக்கிற வேலையில இருக்கிறவருக்கு இ.டி.எல்.ஐ. மூலமா குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரும். அதுக்கு இ-நாமினேஷன் போட்டிருக்கணும், இல்லைன்னா அப்பா அம்மா வாரிசுச் சான்றிதழுக்கு அலையணும். பேங்க் அக்கவுன்ட்ல வருஷம் 20 ரூபாய் பிடிக்கிற சுரக்ஷா பீமா திட்டத்துல விபத்து மரணத்துக்கு 2 லட்சம். தண்ணியில மூழ்கினதும் அதுல விபத்துதான், ஆனா போலீஸ்ல பதிவாகி இருக்கணும். டெர்ம் பாலிசி அப்ளிகேஷன்ல சாகச விளையாட்டு பத்தின கேள்விக்கு "இல்லை"ன்னு டிக் பண்ணாதீங்க. பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

வாடகைக்கு போர்டு கொடுக்கிற இடத்துல "எல்லாப் பொறுப்பும் என்னுடையதே"ன்னு ஒரு ஃபார்ம் நீட்டுவாங்க. அதுல கையெழுத்துப் போட்டா எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, அவங்க கவனக்குறைவா இருந்தா நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேளுங்க: இன்னைக்குக் காத்து எந்தப் பக்கம், எத்தனை கி.மீ.? பதில் தெரியாத இடத்துல காசு கட்டாதீங்க. சொந்த போர்டை ஆத்துலயோ அணைத் தண்ணியிலயோ இறக்குறதா இருந்தா, நீர்வளத்துறை ஆபீஸ்ல அனுமதி உண்டா, அன்னைக்கு மேட்டூர்ல எத்தனை கன அடி திறந்திருக்காங்கன்னு ரெண்டையும் கேட்டுட்டு அப்புறம் பம்பை எடுங்க.