கையில் ஒட்டிய சென்சார் சொல்லும் சேதி



இன்சுலின் போடுகிறவரின் மேல்கையில் டாக்டர் ஒட்டிவிடும் சென்சார், இரவும் பகலும் சர்க்கரை அளவைக் கோடாக வரைந்து காட்டும். ஒற்றை எண்ணைப் பார்த்துப் பதறாதீங்க. கோடு போகும் போக்கைப் பாருங்க. நாளில் சுமார் 17 மணி நேரம் 70-க்கும் 180-க்கும் நடுவே ஓடினால் பெரும்பாலோருக்கு நல்லது. கர்ப்பிணிக்கு அளவு வேறு, டாக்டரைக் கேளுங்க. சாப்பிட்டதும் கோடு விறுவிறுன்னு ஏறுதா? தட்டில் சோறு குறையட்டும், காய்கறி கூடட்டும்.

ராத்திரி 70-க்குக் கீழே இறங்கினால் தூங்குகிறவருக்குத் தெரியாமலே போகலாம். பக்கத்தில் படுத்திருப்பவர்தான் எழுப்பணும். வியர்வை, நடுக்கம் இருந்தால் தாமதிக்காமல் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்க. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்க. மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிடுங்க.

சென்சார் உள்ள கை அழுந்தும்படி படுத்தாலும் எண் பொய்யாக இறங்கும். ஆள் தெளிவாக இருந்தால் விரல்நுனி ரத்தத்தைச் சோதித்துப் பாருங்க.