விளையாட்டுலகம் தடுமாறுவதேன்?

மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டை நம் மாணவருட் பலர் அறிவர். ஸ்வீடன் தேசத்து மொஜாங் கம்பெனியார் 2011-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் முழுமையாக வெளியிட்ட இவ்விளையாட்டில், கட்டை கட்டையாகக் கல்லையும் மரத்தையும் அடுக்கி ஓர் உலகத்தையே சமைத்துக்கொள்ளலாம். அதன் ஜாவா பதிப்பில், பிறர் இயற்றிய மோட் என்னும் சேர்க்கைகளைப் புகுத்தி, புதிய யந்திரங்களையும் விலங்குகளையும் உண்டாக்குவதும் வழக்கம். ஆயின், சேர்க்கைகள் பெருகப் பெருக, விளையாட்டு ஆமை நடை நடக்கத் தொடங்குகின்றது.

அவ்வேளையில் பொறுமையிழந்து, கைக்கு அகப்பட்ட சேர்க்கைகளை அழித்துவிடுவார் பலர். நாமும் ஒருகால் அவ்வாறே செய்தோம். நண்பர் நால்வர் ஓராண்டாக எழுப்பிய தொழிற்சாலையிற் பாதி ஒரு நொடியில் மறைந்தது. ஒரு சேர்க்கையை நீக்கின், அது தந்த கட்டைகளும் உலகினின்று நீங்கும் என்பதை அன்றே கற்றோம். ஆதலின், உலகம் அடங்கிய கோப்புறையைப் பிரதியெடுத்து வைத்த பின்னரே எதிலும் கைவைத்தல் வேண்டும். இஃது முதல் விதி.

இனி, தடுமாற்றம் இருவகைப்படும். தலையைத் திருப்புங்கால் படம் விட்டுவிட்டுத் தோன்றுமாயின், குறை படம் வரையும் வேலையில் உள்ளது. படம் சீராக ஓடியும், உடைத்த கட்டை மீண்டும் தோன்றுதலும், விலங்குகள் திகைத்து நிற்றலும் காணப்படின், குறை உலகின் கணக்கில் உள்ளது. இவ்வுலகம் நொடிக்கு 20 முறை தன் கணக்கைப் பார்க்கின்றது. ஒரு கணக்குக்கு 50 மில்லிநொடியே தவணை. அதற்குள் வேலை முடியாவிடில் உலகின் காலமே மெதுவாகும். எஃப் 3 விசையை அழுத்தின், நொடிக்கு எத்தனை படங்கள் வரையப்படுகின்றன என்பது திரையில் தோன்றும்.

படத்தின் குறைக்கு எளிய மருந்து, பார்வைத் தூரத்தைக் குறைத்தல். தூரம் 32 ஆயின் விளையாடுவோரைச் சுற்றி 4,225 நிலத்துண்டுகளும், 8 ஆயின் 289 துண்டுகளுமே கணக்கில் வரும். இரண்டு வரைகலைச் சில்லுகள் உள்ள மடிக்கணினியில், வலிய சில்லு வேலை செய்கின்றதா என்றும் நோக்குக. சோடியம் என்னும் சேர்க்கை படவேலையையும், லித்தியம் என்பது உலகக் கணக்கையும் இலகுவாக்கும். விளையாட்டின் பதிப்புக்கு ஒத்தவற்றையே கொள்ளல் வேண்டும்.

அடுத்தது நினைவகம். வழக்கமாக ஒதுக்கப்படும் 2 ஜிபி, பெருந்தொகுதிகளுக்குப் போதாது. அதற்காக உள்ளதனைத்தையும் ஒதுக்குதலும் பிழையேயாம். ஜாவா தான் பயன்படுத்திக் கழித்தவற்றை அவ்வப்போது பெருக்கித் தள்ளுகின்றது. வீடு மிகப் பெரிதாயின், குப்பை நெடுநாள் சேர்ந்து, பெருக்கும் வேளையில் வேலையெல்லாம் நின்றுபோதல் உண்டு. அன்றியும், கணினியின் மற்றைய வேலைகளுக்கும் இடம் வேண்டுமன்றோ? 16 ஜிபி உள்ள கணினியில் 6 அல்லது 8 ஒதுக்கின் பெரும்பாலும் அமையும்.

உலகக் கணக்கே குறையாயின், ஓரிடத்தில் அடைத்த விலங்குகள், தரையிற் சிதறிய பொருள்கள், ஓயாது சுழலும் யந்திரங்கள் ஆகியவற்றை முதலில் ஐயுறுக. எது எவ்வளவு நேரம் கொள்கின்றது என்பதை ஸ்பார்க் என்னும் அளவுகருவி காட்டும். அதனாலும் விளங்காவிடில், சேர்க்கைகளைப் பாதி பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் புதிய பிரதியில் சோதிக்க. ஒன்றையொன்று சார்ந்தவற்றைப் பிரிக்கலாகாது. குற்றம் ஒன்றன்பாலதே ஆயின், 64 சேர்க்கைகளுள் அதனை 6 சோதனையிற் கண்டுவிடலாம்.

ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. மாற்றியதைக் குறித்து வைக்க. பின் அளந்து பார்க்க. நம் சோதனைச்சாலையிற் பயிலும் முறையும் இஃதேயன்றோ? அம்முறையைச் சற்று முன்னரே மேற்கொண்டிருப்பின், நண்பரின் ஓராண்டு உழைப்பு வீணாகியிராது.